ரிசல்ட் ஃப்ளெக்ஸில் ஊருக்கு என்ன வேலை?

17 மே 2025, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

நேற்று பத்தாம் வகுப்பு ரிசல்ட். இன்று காலை டீக்கடைக்குப் போனால் முக்கத்தில் மூன்று ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ‘எங்கள் ஊரின் பெருமையே’ என்று ஒரு பிள்ளையின் படம், அதைச் சுற்றி முப்பது பேர் படம். படித்தது அந்தப் பிள்ளை. சொல்லிக்கொடுத்தது வாத்தியார். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் காசு கொடுத்தது அப்பன். இதில் ஊர் எங்கே வந்தது?

17 மே, இரவு

அந்த மாதிரி ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணுகிறவன் நான், அதனால் பதில் சொல்கிறேன். கீரமங்கலத்துக்கும் பேராவூரணிக்கும் நடுவே கடை. ஜெராக்ஸ், இ-சேவை, ஃப்ளெக்ஸ் மூன்றும் உண்டு. என் மகள் படிக்கிற பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராகவும் இருக்கிறேன்.

ரிசல்ட் அன்று கோரல்ட்ராவில் ஒரே ஃபைலைத் திறந்து வைத்துக்கொள்வேன். மேலே தலைவர்கள் படம், நடுவில் பிள்ளை, பக்கத்தில் மார்க், கீழே வரிசையாகக் கூலிங் கிளாஸ் போட்ட அண்ணன்மார்கள். கீழ் வரிசைக்குத்தான் சண்டை வரும். ‘என் படம் ஏன் சின்னதா இருக்கு?’ என்று போன் வரும். பிள்ளையின் படத்தைப் பற்றி யாரும் போன் பண்ணுவதில்லை. அது பெரும்பாலும் ஹால் டிக்கெட்டில் இருந்து எடுத்தது, பெரிதாக்கினால் மூஞ்சி சிதறிவிடும்.

2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் ஊரில் அது நிற்கவில்லை. பள்ளியில் முதலிடம், பஞ்சாயத்தில் முதலிடம், தெருவில் முதலிடம் என்று எனக்கு ஆர்டர் கூடியதுதான் மிச்சம்.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: ஃப்ளெக்ஸில் ஊர் இல்லை, அதில் இருப்பவர்கள் அந்த முப்பது பேர்தான். ஊர் வேறு இடத்தில் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் கவுன்சிலிங் விண்ணப்பம் போட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

18 மே

ஊர்ப் பங்கு என்றதும் எல்லாருக்கும் கல்விச்சீர்தான் ஞாபகம் வரும். அதைப் பார்க்காதவர்களுக்காக. பள்ளிக்கு ஊர் சேர்ந்து சீர் கொண்டுபோவது. தாய்மாமன் சீர் கொண்டுபோவானே, அதே வரிசை, அதே மேளம். கோயில் வாசலில் கூடுவார்கள். பெண்கள் தாம்பாளத்தில் நோட்டு, பென்சில் டப்பா, பழம், பூ. ஆண்கள் தலையில் நாற்காலி. பீரோவும் வாட்டர் ஃபில்டரும் டாட்டா ஏஸில் வரும். பள்ளி வாசலில் டீச்சர்கள் சந்தனம், கற்கண்டோடு நிற்பார்கள். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நடக்கிறது, எங்கள் பக்கம் கொஞ்சம் விமரிசையாகவே நடக்கும்.

நான் பார்த்ததில் பாதிச் சீர் சுவர்க்கடிகாரம். எல்லாருக்கும் அதுதான் தோன்றும். விலை குறைவு, பேர் எழுதலாம், எல்லார் கண்ணிலும் படும். ஒரு பள்ளியில் ஒரே வகுப்பறையில் இரண்டு கடிகாரம் பார்த்தேன், இரண்டும் வேறு வேறு மணி காட்டின. ஃபினாயில், கக்கூஸ் விளக்குமாறு, சாக்பீஸ், மோட்டார் காயில் கட்டுகிற காசு இதெல்லாம் தாம்பாளத்தில் வராது.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் நான்தான் அடித்தேன். பிறகு யூபிஎஸ் பேட்டரி போயிற்று. பேட்டரி வாங்க யாரும் மேளம் வைக்க மாட்டார்கள், அது இன்னும் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள்.

இதைச் சொல்லி எல்லாப் பள்ளியும் அப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறந்தாங்கி பக்கம் பச்சலூர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியைப் போய்ப் பாருங்கள். அங்கே வகுப்பறையில் ஏசியே ஓடுகிறது.

20 மே

மேலே ஒருவர் ‘காமராஜர் காலத்தில் எல்லாம் அரசே செய்தது, இப்போதுதான் ஊரிடம் கையேந்துகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 1956இல் மதிய உணவு தொடங்கியபோது ஊராரும் அரிசி, பருப்பு, விறகு என்று பங்கு போட்டுத்தான் நடத்தினார்கள். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆரம்பித்தன. நெ.து. சுந்தரவடிவேலு அப்போது கல்வித் துறை இயக்குநர். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் எடுத்து, யார் எதைத் தருகிறார்கள் என்று மேடையிலேயே சொல்ல வைத்தார்கள். ‘சீர்’ என்கிற நினைப்பே அங்கேயிருந்து வந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கவனிக்க வேண்டியது, முதலில் பட்டியல், பிறகு கொடை. இப்போது கொடை முதலில் வருகிறது, பட்டியல் எங்கேயும் இல்லை.

20 மே, சேர்த்துக்கொள்ள

கொடை என்றதும் ஞாபகம் வந்தது. 2024 ஜனவரியில் மதுரை யா. கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார், நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆகட்டும் என்று. இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாக. அந்தக் குடியரசு தினத்தில் அரசு அவரைக் கௌரவித்தது. அது பட்டியல் பார்த்துக் கொடுத்த கொடை. உயர்நிலை ஆவதற்கு இடம்தான் தடை என்றால் இடத்தைக் கொடுத்தார். எட்டாவது முடித்த பெண் பிள்ளைகளை ‘பக்கத்து ஊருக்கெல்லாம் அனுப்ப முடியாது’ என்று நிறுத்துகிற வீடுகள் எத்தனை என்று இ-சேவையில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும்.

23 மே

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் புரிகிற யோசனை ஒன்று. ஆடியில் மொய்விருந்து நடக்கிற ஊர்கள் இவை. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், நோட்டில் எழுதுவார்கள், வாங்கியதைத் திரும்பச் செய்ய வேண்டும். யார் எவ்வளவு என்பது தலைமுறைக்கும் மறக்காது. பள்ளிக்கும் அப்படி ஒரு நோட்டு போட்டால் என்ன? பள்ளியில் படித்து மேலே போனவன் திரும்ப வந்து எழுதட்டும்.

23 மே, இரவு

வட்டி உண்டா என்று கேட்ட அண்ணனுக்கு: மொய்க்கு வட்டி கிடையாது, கூடுதலாகச் செய்தால் அது புது மொய். பள்ளிக்கு ஆட்டுக்கறி போட வேண்டுமா என்று கேட்டவருக்கு: காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் போடுகிறார்கள், அதைச் சாப்பிட்டுவிட்டு எழுதலாம்.

25 மே

மொய் யோசனையை நான் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பெண் பிள்ளை.

சில வருடங்களுக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். அரசுப் பள்ளி, அப்பா தேங்காய் உரிக்கிற வேலை. ஊரே கொண்டாடியது. ‘எங்கள் ஊரின் வருங்கால மருத்துவரே’ என்று ஃப்ளெக்ஸ். வாசகம் கொடுத்தது அவர்கள், டிசைன் என்னுடையது. நீட்டில் அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. பிறகு வேறு படிப்பில் சேர்ந்துவிட்டாள், அதில் நன்றாகத்தான் படிக்கிறாள்.

கடைக்கு விண்ணப்பம் போட வருவாள். அப்போதெல்லாம் யாராவது ஒருவர் ‘என்னம்மா, டாக்டர் என்னாச்சு?’ என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். ஒரு நாள் அவள், ‘அண்ணே, நான் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா வரட்டுமா?’ என்றாள். அதற்குப் பிறகு அவள் வேலையை எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடித்துக் கொடுக்கிறேன்.

மொய் என்றால் திரும்பச் செய்ய வேண்டும். ஊர் பதினேழு வயதுப் பிள்ளைமேல் மொய் எழுதினால் அது எப்போது எதைத் திரும்பச் செய்வது? பிள்ளையிடம் கேட்காமலே எழுதிய மொய் அது. ஊர் ஒரு சாதனையைத் ‘எங்களுடையது’ என்று சொன்ன நிமிடமே அந்தப் பிள்ளைக்கு ஒரு பாக்கி விழுந்துவிடுகிறது. கஜா புயலில் தென்னை எல்லாம் விழுந்த 2018க்குப் பிறகு, வாங்கிய மொய்யைத் திரும்பச் செய்ய முடியாமல் வெளியே தலைகாட்டாமல் இருந்த பெரிய மனிதர்களையே நாங்கள் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

முன்னாள் மாணவன் தானாக வந்து கொடுத்தால் எழுதிக்கொள்ளலாம். ஊர் போய்க் கேட்கக் கூடாது.

26 மே

‘அப்படியென்றால் பாராட்டவே கூடாதா?’

பாராட்டுங்கள். எதிர்காலத்தை அச்சடிக்காதீர்கள். ‘வருங்கால’ என்ற சொல்லை இனி நான் டிசைனில் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

29 மே

7.5 சதவீதம் பற்றி மேலே இரண்டு பேர் தப்பும் தவறுமாகச் சண்டை போடுகிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

2020இல் வந்த சட்டம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

இப்போது ஊருக்கு வருவோம். ‘ஆறாவது மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுப் பார்ப்போம்’ என்று ஒரு வருடம் தனியாரில் சேர்த்து, பீஸ் கட்ட முடியாமல் ஏழாவதில் திரும்ப அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த ஒரு வருடத்தால் பிள்ளைக்கு 7.5 போச்சு. பெண்ணாக இருந்தால் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்திலும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான், அதிலும் இடிக்கும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இது அவர்களுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் அப்பன் முகத்தைப் பார்க்க முடியாது.

ஐந்தாவது முடிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு இதைப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஹெச்.எம். சொன்னால் ‘சேர்க்கைக்காகச் சொல்றார்’ என்று நினைப்பார்கள். ஊர்க்காரன் சொன்னால் கேட்பார்கள். கேள்வி கேட்டவரே, நீங்கள் தேடின ஊர்ப் பங்கு இதுதான். இதைப் போட்டோ எடுக்க முடியாது.

2 ஜூன்

இன்று பள்ளி திறந்தார்கள். மகளுக்குப் புது ஷூ கடிக்கிறதாம். வேறு விசேஷம் இல்லை.

8 ஜூன்

மேலாண்மைக் குழுவால் என்ன பயன் என்று கேட்டவருக்கு.

கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுக்க ஒரே மூச்சில் மறுகட்டமைப்பு செய்தார்கள். தலைவராக ஒரு தாய் இருப்பார். எங்கள் குழுவுக்கு ஓர் அக்கா தலைவர். ஆரம்பத்தில் அக்காவின் நாற்காலியில் அவர் வீட்டுக்கார மாமா வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒரு டீச்சர் நாசூக்காக, ‘சார், அக்கா கையெழுத்துப் போடணும், அவங்க வந்ததும் ஆரம்பிக்கலாம்’ என்று சொல்லி அரை மணி நேரம் கூட்டத்தை நிறுத்தி வைத்தார். அடுத்த கூட்டத்திலிருந்து மாமா வரவில்லை.

அந்த அக்கா செய்த முதல் காரியம், ராத்திரி பள்ளி மைதானத்தில் பாட்டில் உடைக்கிறவர்களை நிறுத்தியது. போலீஸுக்குப் போகவில்லை. பெண்கள் பத்துப் பேர் டார்ச்சோடு போய் நின்று, ‘தம்பி, உன் அக்கா மகன் நாளைக்கு இங்கதான் வெறுங்காலோட ஓடப் போறான்’ என்றார்கள். அவ்வளவுதான். இடம் மாறிப் போய்விட்டார்கள், எங்கே போனார்கள் என்று தெரியாது, இப்போதைக்கு அது வேறு ஊர்ப் பிரச்சினை.

இரண்டாவது, பஸ். என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு எடுக்க டீச்சர் தயார். ஆனால் நாலரை டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. இரண்டு குக்கிராமத்துப் பிள்ளைகள், அதுவும் பெண் பிள்ளைகள், உட்கார முடியாது. டெப்போவுக்கு மனு எழுதினோம், பதில் வரவில்லை. கடைசியில் ஒரு லோடு ஆட்டோக்காரர் சாயங்காலம் காலி வண்டியில் திரும்புகிறார் என்று கண்டுபிடித்து, இரண்டு தாய்மார்கள் மாற்றி மாற்றிக் கூடப் போய், அந்தப் பருவம் முழுக்க ஓட்டினோம். சட்டப்படி அது சரியா என்று கேட்டால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். அந்தக் குக்கிராமத்தில் இருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை தேர்வானது அந்த வருடம்தான்.

அதற்கு யாரும் ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

9 ஜூன்

என்.எம்.எம்.எஸ். ஒரே தடவை தருகிற பரிசா என்று கேட்டவருக்கு: இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேங்காய் உரிக்கிறவர் வீட்டில் இந்தக் காசு பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தாமல் வைக்கிறது, அதனால்தான் இதைப் பிடித்துத் தொங்குகிறேன்.

அப்புறம் இதை விட்டுவிட்டேன்: அந்தச் சாயங்கால வகுப்பில் பாதியை நடத்தியது இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலராக இருந்த ஒரு பெண். 2021இல் கொரோனாவுக்குப் பிறகு ஆரம்பித்த திட்டம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தன் வீட்டுத் திண்ணையில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள், எட்டாம் வகுப்புக்கு மனத்திறன் கணக்கு சொல்லித்தர தானே முதலில் உட்கார்ந்து போட்டுப் பழகினாள். என் கடையில்தான் பழைய வினாத்தாள் ஜெராக்ஸ். முதல் செட்டுக்குக் காசு வாங்கினேன், பிறகு வாங்கவில்லை, பிறகு பேப்பர் விலை ஏறியதும் பாதி வாங்கினேன். முழுத் தியாகி இல்லை நான்.

2 நவம்பர் 2025

பழைய பேச்சைத் திரும்பக் கிளப்புகிறேன். போன மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அதில் கண்ணகி நகர் கார்த்திகா. சென்னையில் குடிசைகளை இடித்துக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அந்தப் பேரைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போது ஊர்ப் பேரே அவள் பேருக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மே மாதம் நான் எழுதியதோடு இது மோதுகிறது. ஊர் பிள்ளைமேல் உரிமை கொண்டாடுவது பாக்கி என்று சொன்னேன். இங்கே பெரிய பாரத்தை அந்தப் பெண் தூக்குகிறாள், ஆனால் வலிந்து ஏற்றியது மாதிரித் தெரியவில்லை. கபடி தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை என்பதாலா? கண்ணகி நகரில் அவளோடு ஆடிப் பழகுகிற பெண்களும் அதே பகுதிப் பிள்ளைகள். மார்க் ஃப்ளெக்ஸில் ஒரு பிள்ளைதான் நிற்கிறது. அணி என்றால் தோற்றாலும் தனியாக நிற்க வேண்டாம். இன்னும் யோசிக்கிறேன்.

4 நவம்பர்

எங்கள் ஊரில் கபடி எப்படி என்று கேட்டவருக்கு: ஆண்களுக்குத் திருவிழாவுக்குத் திருவிழா போட்டி, சுழற்கோப்பை, ஆட்டுக்கிடாய் பரிசு. பெண் பிள்ளைகள் பள்ளிக்குள்ளே ஆடுவதோடு சரி. வருகிற பொங்கலுக்குப் பெண்கள் ஆட்டம் ஒன்று வைக்கலாம் என்று இளைஞர் மன்றத்துப் பையன்களே பேசுகிறார்கள். இரவு நேரம் வேண்டாம், பகலில் வையுங்கள் என்று குழுத் தலைவர் அக்கா நிபந்தனை போட்டிருக்கிறார். ஜெர்சி யார் வாங்குவது என்பதில் நிற்கிறது. ஜெர்சி முதுகில் நன்கொடையாளர் பேர் போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஆட்டக்காரியின் பேர் எங்கே போடுவது என்று திருப்பிக் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

9 நவம்பர்

தனிச் செய்தியில் மூன்று பேர் என்.எம்.எம்.எஸ். காசு பற்றி ஒரே சந்தேகம் கேட்டிருப்பதால் இங்கேயே போடுகிறேன்.

என்.எம்.எம்.எஸ்.ஸில் தேர்வானால் மட்டும் காசு வந்துவிடாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒன்பதாவதில் புதிதாகப் பதிய வேண்டும், அப்புறம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் மறந்தால் அந்த வருடக் காசு போச்சு. பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பேர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இடிப்பது இனிஷியல். ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பேர் முழுசாக. முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பேங்க். கணக்கு பிள்ளையின் பேரில் இருக்கட்டும், ஆதாரோடு இணைந்திருக்கட்டும்.

ஆதாரில் அப்பாவின் நம்பர் கொடுத்து, அப்பா சிங்கப்பூரில் இருந்தால், இங்கே நான் பதிவு போடும்போது ஓடிபி அங்கேதான் போகும். அவர் வேலை நேரத்தில் போன் எடுக்க மாட்டார். அம்மாவின் நம்பருக்கு மாற்றிவிட்டு வாருங்கள், வரும்போது அந்தப் போனையும் கையோடு கொண்டுவாருங்கள், சார்ஜ் போட்டு.